கன்னமிட்ட கைக்கு எத்தனை வருஷம்?



வானகரம், அயனம்பாக்கம், நூம்பல், வேலப்பன்சாவடி என்று நம்முடைய பகுதியில் எங்கே ஒரு வீட்டில் திருட்டுப் போனாலும், மறுநாள் டீக்கடையில் ஒரே பேச்சுதான். "இவனுங்களை எல்லாம் சும்மா விடக்கூடாதுங்க. பத்து வருஷம் உள்ளே தள்ளணும்." பக்கத்தில் இருப்பவர், "பத்து வருஷம் எதுக்கு? கையை வெட்டணும்" என்பார். இந்தப் பேச்சு சபைக்குள்ளும் வருகிறது. ஆராதனை முடிந்து வெளியே செருப்பு மாட்டும்போது, "பாஸ்டர், சட்டத்தைக் கடுமையாக்கினாத்தான் இவங்க அடங்குவாங்க, நீங்க என்ன சொல்றீங்க?" என்று கேட்கிறவர்கள் உண்டு.

கோபத்தில் கேட்டாலும் கேள்வி நியாயமானது. வீடு புகுந்து திருடுகிறவனுக்கு ஜெயில் வருஷங்களைக் கூட்டினால் நீதி நிறைவேறுமா? திருட்டு குறையுமா? பறிகொடுத்தவனுக்கு அதனால் ஏதாவது கிடைக்குமா? ஆத்திரத்தைக் கொஞ்சம் ஒதுக்கி வைத்துவிட்டு, வேதத்தின் வெளிச்சத்திலும் நாட்டின் சட்டத்தின் வெளிச்சத்திலும் இதை நிதானித்துப் பார்ப்போம்.

முதலில், இது சின்னப் பாவம் அல்ல

"போனது பொருள்தானே, உயிர் போகலையே" என்று சிலர் ஆறுதல் சொல்லுவார்கள். அது பாதி ஆறுதல்தான். ஒரு குடும்பத்தை மனதில் நினைத்துக்கொள்ளுங்கள். புருஷன் அம்பத்தூர் எஸ்டேட்டில் நைட் ஷிப்ட். மனைவி பிள்ளைகளோடு ஊரில் ஒரு கல்யாணத்துக்குப் போய்த் திரும்புகிறாள். கிரில் கேட் பூட்டு அறுந்து கிடக்கிறது. பீரோ திறந்து கிடக்கிறது. மகளுக்கென்று சீட்டுக் கட்டிச் சேர்த்த எட்டு சவரன் இல்லை. 2025-இல் ஒரு சவரன் விலை 70,000 ரூபாயைத் தாண்டியது. அந்தக் கணக்கில் எட்டு சவரன் என்பது ஒரு தொழிலாளியின் பல வருஷ உழைப்பு.

போனது அது மட்டுமா? அன்று முதல் அந்த வீட்டில் தூக்கம் போயிற்று. இரவில் பூனை குதித்தாலும் பிள்ளை அலறுகிறது. நம்முடைய துணியை யாரோ ஒருவன் கை போட்டுக் கலைத்திருக்கிறான் என்ற அருவருப்பு மனதைவிட்டுப் போவதில்லை. வழியில் ஒரு பர்சைப் பறிகொடுப்பது வேறு, வீட்டுக்குள்ளே பறிகொடுப்பது வேறு. வீடு என்பது மனுஷன் பயமில்லாமல் படுத்து எழும்ப வேண்டிய இடம்.

அந்நாட்களில் மண்சுவரில் கன்னக்கோலால் ஓட்டை போட்டு நுழைந்தார்கள். அதனால்தான் நம்முடைய தமிழ் வேதத்தில் "கன்னமிடுதல்" என்ற வார்த்தை வருகிறது. போலீஸ் ரிக்கார்டிலும் இன்றுவரை "கன்னக்களவு" என்றே எழுதுகிறார்கள். கன்னக்கோல் போய்க் கடப்பாரையும் ஆக்ஸா பிளேடும் வந்தன. பாவம் அதே பாவம்தான். ஆகவே தண்டனையே வேண்டாம் என்று இந்தக் கட்டுரை சொல்லவில்லை. எப்படிப்பட்ட தண்டனை என்பதே கேள்வி.

சட்டம் இப்போது என்ன சொல்லுகிறது?

அநேகர் நினைக்கிறார்கள், திருடனுக்கு நம் சட்டத்தில் மூன்று மாதம், ஆறு மாதம்தான் என்று. அது தவறு. 1860-ஆம் வருஷத்து இந்திய தண்டனைச் சட்டத்திலேயே, திருடும் நோக்கத்தோடு இரவில் பூட்டை உடைத்து வீடு புகுந்தால் 14 வருஷம் வரை தண்டனை கொடுக்கலாம் என்று இருந்தது. பகலில் செய்தால் 10 வருஷம் வரை. 2024 ஜூலை 1 முதல் அந்தச் சட்டத்துக்குப் பதிலாக நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவிலும், 331-ஆம் பிரிவில் அதே 14, அதே 10 இருக்கிறது. குடியிருக்கும் வீட்டில் திருடினால் 7 வருஷம் வரை என்று 305-ஆம் பிரிவு தனியே சொல்லுகிறது. இது போதாதென்று, வழக்கமாகத் திருடுகிறவர்களை விசாரணையே இல்லாமல் ஒரு வருஷம் வரை அடைத்து வைக்கத் தமிழ்நாட்டில் 1982-ஆம் வருஷத்துக் குண்டர் சட்டமும் இருக்கிறது.

இரவுக்கு ஒரு கணக்கு, பகலுக்கு ஒரு கணக்கு என்று சட்டம் வைத்திருப்பதைக் கவனித்தீர்களா? யாத்திராகமம் 22-ஆம் அதிகாரத்தின் ஆரம்பத்தில் மோசேயும் அப்படித்தான் பிரித்திருக்கிறார். இருட்டில் கன்னமிடுகிறவனை வீட்டுக்காரன் அடித்து அவன் செத்தால், வீட்டுக்காரன் மேல் இரத்தப்பழி இல்லை. பொழுது விடிந்தபின் அடித்துக் கொன்றால் பழி உண்டு. இருட்டில் வருகிறவன் திருட வந்தானா கொல்ல வந்தானா என்று வீட்டுக்காரனுக்குத் தெரியாது. வெளிச்சத்தில் தெரியும். ஆகவே வெளிச்சத்தில் திருடனின் உயிருக்கும் விலை உண்டு. மூவாயிரம் வருஷத்துக்கு மேலான பிரமாணம் இது. பிடிபட்டவனைக் கரண்டுக் கம்பத்தில் கட்டிவைத்து, தெருவே கூடி அடிக்கிற நம் வழக்கத்துக்கு இதில் ஒரு வார்த்தைகூட ஆதரவு இல்லை.

ஆக, 14 வருஷம் என்பது ஏற்கெனவே இருக்கிறது. இருந்தும் திருட்டு நிற்கவில்லை. அப்படியானால் 14-ஐ 20 ஆக்கினால் நின்றுவிடுமா?

பயம் எதிலே இருக்கிறது?

"தண்டனை பெரிசா இருந்தா பயப்படுவான்" என்பது முதல் வாதம். கேட்க நன்றாய் இருக்கிறது. ஆனால் ராத்திரி இரண்டு மணிக்குப் பூட்டை உடைக்கிறவன், 331-ஆம் பிரிவில் எத்தனை வருஷம் என்று கணக்குப் போட்டா உடைக்கிறான்? "மாட்டமாட்டேன்" என்ற ஒரே தைரியத்தில்தான் உடைக்கிறான். மாட்டமாட்டேன் என்று நினைக்கிறவனுக்கு 5 வருஷமும் ஒன்றுதான், 50 வருஷமும் ஒன்றுதான்.

1764-இல் இத்தாலி தேசத்து பெக்காரியா என்பவர் குற்றங்களையும் தண்டனைகளையும் பற்றி எழுதிய புத்தகத்தில் இதைத்தான் சொன்னார். தண்டனையின் கொடுமை குற்றத்தைத் தடுக்காது, அது தப்பாமல் வரும் என்ற நிச்சயமே தடுக்கும் என்பது அவர் வாதம். பிரசங்கி 8:11 இதை அவருக்கு வெகுகாலம் முன்னமே சொல்லியிருக்கிறது. துர்க்கிரியைக்குத் தண்டனை சீக்கிரமாய் நடக்காததினாலே மனுஷருடைய இருதயம் பொல்லாப்பைச் செய்யத் துணிகிறது என்பது அதன் கருத்து. தண்டனை சிறியதாய் இருப்பதினாலே துணிகிறது என்று அங்கே சொல்லவில்லை. சீக்கிரமாய் நடக்காததினாலே என்றுதான் சொல்லுகிறது.

இங்கிலாந்து தேசத்தின் சரித்திரத்தைப் பாருங்கள். 18-ஆம் நூற்றாண்டில் அங்கே இருநூறுக்கும் மேற்பட்ட குற்றங்களுக்குத் தூக்கு இருந்தது. கன்னக்களவுக்குத் தூக்கு. ஒரு வீட்டுக்குள்ளே 40 ஷில்லிங் பெறுமானமுள்ள பொருளைத் திருடினாலும் தூக்கு. நடந்தது என்ன? ஜூரிகளாய் உட்கார்ந்த சாதாரண ஜனங்கள், ஒரு ஏழையைத் தூக்குக்கு அனுப்ப மனமில்லாமல், எத்தனையோ வழக்குகளில் திருட்டுப்போன பொருளின் மதிப்பு 39 ஷில்லிங் என்று எழுதிவிட்டார்கள். அளவுக்கு மிஞ்சின தண்டனையால் நீதி பலப்படவில்லை. நீதிமன்றத்திலேயே பொய் சொல்லவேண்டிய நிலைதான் வந்தது. 1830-களில் அந்தத் தூக்குச் சட்டங்களை அவர்களே எடுத்துப் போட்டார்கள்.

நம் நாட்டில் நிலை என்ன? 2022-ஆம் வருஷ முடிவில் இந்தியச் சிறைகளில் இருந்தவர்களில் ஏறக்குறைய நாலில் மூன்று பேர் இன்னும் தீர்ப்பே பெறாத விசாரணைக் கைதிகள் என்று மத்திய அரசின் குற்ற ஆவணக் கணக்கு சொல்லுகிறது. குற்றவாளியோ நிரபராதியோ, இருவரும் ஒரே கூரையின்கீழ் காத்திருக்கிறார்கள். பறிகொடுத்தவரும் வெளியே காத்திருக்கிறார். நமக்கு இருக்கிற வியாதி வருஷம் குறைவாய் இருப்பது அல்ல, நீதி தாமதமாய் வருவது.

ரத்தம் சிந்துகிறவன் வேறு

இந்த இடத்தில் ஒருவர் கேட்கலாம்: "ஐயா, எல்லாத் திருடனும் ஒண்ணா? ஆளைக் கொன்னுட்டுத் திருடுறவனுக்கும் இதே நியாயமா?" இல்லை, ஒன்றல்ல. 1995 முதல் 2005 வரை நெடுஞ்சாலை ஓரத்து வீடுகளில் நுழைந்து, தூங்குகிறவர்களை அடித்துக் கொன்று கொள்ளையடித்த வடநாட்டுக் கும்பலை நம் பகுதியில் நடுத்தர வயது தாண்டினவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். 2005 ஜனவரியில் கும்மிடிப்பூண்டி சட்டமன்ற உறுப்பினர் சுதர்சனம் பெரியபாளையம் அருகே தம் சொந்த வீட்டிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். அப்படிப்பட்டவர்களைச் சமுதாயத்தை விட்டு நெடுங்காலம் விலக்கி வைப்பது அரசாங்கத்தின் கடமை. ரோமர் 13-இன்படி அதிகாரம் பட்டயத்தை விருதாவாய்ப் பிடித்திருக்கவில்லை. அதற்கு ஆயுள் தண்டனையும் அதற்கு மேலும் சட்டத்தில் உண்டு.

ஆனால் அந்த வழக்கில் சென்னை நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது எப்போது? 2025 நவம்பரில். இருபது வருஷம் கழித்து! தண்டனையின் அளவு அங்கே குறைவாய் இருந்ததா? இல்லை. காலம்தான் கடந்தது.

அந்தக் கும்பலை நினைத்து, நம் பகுதியில் கட்டட வேலைக்கும் கம்பெனி வேலைக்கும் வந்திருக்கிற வடநாட்டுப் பிள்ளைகள் எல்லாரையும் திருடனாய்ப் பார்க்கிறதும் பாவம். அவர்கள் நம்முடைய பிள்ளைகளைப்போலப் பிழைக்க வந்தவர்கள்.

அடைத்து வைத்தால் திருடமாட்டானே?

இரண்டாவது வாதம் கொஞ்சம் பலமானது. "உள்ளே இருக்கிற வரைக்குமாவது திருடமாட்டான் இல்லையா?" மெய்தான். ஒரே ஆள் பத்து இருபது வீடுகளை உடைப்பதும் உண்டு. அவனை நிறுத்தினால் அத்தனை வீடு தப்பும். திரும்பத் திரும்பச் செய்கிறவனுக்கு முதல்முறை செய்தவனைக் காட்டிலும் அதிக தண்டனை கொடுப்பதில் நியாயம் இருக்கிறது.

ஆனாலும் அந்த வாதத்தையே கடைசிவரை இழுத்துக்கொண்டு போனால் எங்கே போய் நிற்கும் என்பதற்கு அமெரிக்காவின் கலிபோர்னியா மாகாணம் ஒரு பாடம். 1994-இல் அங்கே, மூன்றாம் முறை குற்றம் செய்தால் 25 வருஷம் முதல் ஆயுள்வரை என்று சட்டம் போட்டார்கள். முன்பு வீடு புகுந்து திருடித் தண்டனை பெற்றிருந்த ஒருவர், 1995-இல் இரண்டு கடைகளில் ஒன்பது வீடியோ கேசட்டுகளைத் திருடினார். மொத்த விலை 150 டாலர் சில்லறை. தண்டனை இரண்டு 25, அதாவது 50 வருஷம் முதல் ஆயுள்வரை. 2003-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றமும் 5-க்கு 4 என்ற கணக்கில் அதை விட்டுவிட்டது. அந்தச் சட்டத்தை ஓட்டுப் போட்டு ஆதரித்த அதே மாகாணத்து ஜனங்கள் 2012-இல் ஓட்டுப் போட்டு அதைத் தளர்த்தினார்கள். மூன்றாவது குற்றமும் பெரிய குற்றமாய் இருந்தால்தான் பொதுவாய் அந்தத் தண்டனை என்று மாற்றினார்கள்.

ஒன்பது கேசட்டுக்கு ஐம்பது வருஷம்! கண்ணுக்குக் கண் என்ற பழைய பிரமாணம்கூட இவ்வளவு கேட்கவில்லையே. அந்தப் பிரமாணம் பழிக்கு ஒரு எல்லை போட்டது. ஒரு கண்ணுக்கு மேல் எடுக்காதே என்றது.

இன்னொன்றையும் யோசியுங்கள். என்றைக்காவது ஒருநாள் அவன் புழல் ஜெயில் கேட்டுக்கு வெளியே வந்துதான் ஆகவேண்டும். பதினான்கு வருஷம் கழித்து வருகிறவனுக்கு வீடு இருக்காது, வேலை இருக்காது, பிள்ளை முகம் தெரியாது. உள்ளே அவன் பழகினது யாரோடு? தன்னைவிடப் பெரிய திருடர்களோடு. நாம் அவனைத் தண்டித்தோமா, தொழிலுக்குப் படிக்க அனுப்பினோமா?

தவறான ஆளின் தலையில் விழுந்தால்?

மூன்றாவது, நாம் மறந்துபோகிற ஒன்று. கடுமை வேண்டும் என்று நாம் கூச்சல் போடும்போது, அந்தக் கடுமை முதலில் யார் தலையில் விழுகிறது? தமிழராகப் பிறந்தவர்களுக்குக் கோவலன் கதை தெரியும். மதுரையில் ராணியின் சிலம்பைத் திருடினது பொற்கொல்லன். விசாரணை இல்லாமல் வெட்டுப்பட்டது கோவலன். கடுமையான தண்டனை, சீக்கிரமான தண்டனை, ஆனால் ஆள் தவறு. கொடுத்த உயிரைத் திருப்ப ராஜாவாலும் முடியவில்லை. ஆகவே சீக்கிரம் வேண்டும் என்று நான் சொல்லும்போது, விசாரியாமல் என்று சொல்லவில்லை. விசாரித்து, ருசுப்படுத்தி, காலதாமதம் இல்லாமல் என்றே சொல்லுகிறேன்.

அது பழைய காலத்துக் கதை என்று தள்ளவேண்டாம். 2025 ஜூன் மாதம் சிவகங்கை மாவட்டம் மடப்புரத்தில், நகை காணவில்லை என்று ஒருவர் கொடுத்த புகாரின்பேரில் விசாரணைக்கு அழைத்துப்போன கோவில் காவலாளி, ஒரு வாலிபன், போலீஸ் அடியில் செத்துப்போனான். போலீஸ்காரர்கள் கைதானார்கள், வழக்கு சி.பி.ஐ.க்குப் போயிற்று. கோர்ட்டில் நின்று ஒரு வார்த்தை சொல்லவும் அவனுக்குச் சந்தர்ப்பம் கிடைக்கவில்லை. "தட்டினாத்தான் உண்மை வரும்" என்று நாம் சுலபமாய்ச் சொல்லுகிறோமே, அந்தப் பேச்சின் முடிவு இதுதான்.

நம் வீட்டில் ஒரு மோதிரம் காணாவிட்டால் முதலில் யாரைச் சந்தேகிக்கிறோம்? பாத்திரம் தேய்க்க வருகிற அக்காவை அல்லவா? சொந்த மச்சானைச் சந்தேகிக்க மனம் வருமா? சந்தேகமும்கூட ஏழை வீட்டைத் தேடித்தான் போகிறது.

வேதம் எதைக் கேட்கிறது?

இப்போது முக்கியமான இடத்துக்கு வருவோம். மோசேயின் பிரமாணத்தில் கன்னமிட்டுத் திருடினவனுக்கு எத்தனை வருஷம் ஜெயில்? தேடிப் பாருங்கள். ஒரு நாளும் இல்லை! அவன் செய்யவேண்டியது ஒன்றே: பதில் கொடுத்துத் தீர்க்கவேண்டும். திருடின ஆடு மாடு உயிரோடு அவன் கையில் அகப்பட்டால் இரட்டிப்பு. அடித்தோ விற்றோ விட்டால் மாட்டுக்கு ஐந்து, ஆட்டுக்கு நாலு. கொடுக்க வகையில்லாதவன் விலைப்பட்டு உழைத்தாவது தீர்க்கவேண்டும். எபிரெய அடிமைக்கு ஏழாம் வருஷத்தில் விடுதலை என்று முந்தின அதிகாரமே சொல்லுகிறது. ஆகவே அதற்கும் ஒரு முடிவு உண்டு. தானாக மனம் திரும்பி அறிக்கையிடுகிறவன் முதலோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக் கொடுக்கவேண்டும் என்று லேவியராகமம் 6 சொல்லுகிறது. பசிக்காகத் திருடினவனைப் பார்த்து ஜனங்கள் இரங்கினாலும், அவனும் ஏழத்தனையாய்க் கொடுத்துத்தான் தீர்க்கவேண்டும் என்று நீதிமொழிகள் 6 சொல்லுகிறது.

அடிமையாய் விற்கிற அந்தக் காலத்து முறையை இன்று கொண்டுவர முடியாது, கொண்டுவரவும் கூடாது. ஆனால் அதன் உள்ளான நியாயத்தைக் கவனியுங்கள். அந்தப் பிரமாணத்தில் நடுவிலே நிற்கிறவர் யார்? பறிகொடுத்தவர். நம்முடைய முறையிலோ, குற்றம் அரசாங்கத்துக்கு விரோதமாய்ப் போயிற்று. வழக்கின் பெயரே "அரசு எதிர் இன்னார்". திருடன் 10 வருஷம் உட்கார்ந்தால் அரசாங்கக் கணக்கு தீர்ந்தது. அந்தத் தாயின் எட்டு சவரன் கணக்கு? திருடன் ஜெயிலில் சாப்பிடுகிற சோற்றுக்கும் அவள் வரிதான் போகிறது. வருஷத்தைக் கூட்டக் கூட்ட, அவன் சம்பாதித்துத் திருப்பிக் கொடுக்கிற வழி இன்னும் அடைபடுகிறது.

புதிய சட்டம் இந்தத் திசையில் ஒரு சிறு அடி எடுத்து வைத்திருக்கிறது. 5,000 ரூபாய்க்குக் குறைந்த திருட்டில், முதல்முறை தண்டிக்கப்படுகிறவன் பொருளையோ அதன் மதிப்பையோ திருப்பிக் கொடுத்தால், ஜெயிலுக்குப் பதிலாகச் சமுதாய சேவை செய்யவேண்டும் என்று 303-ஆம் பிரிவு சொல்லுகிறது. நல்லதுதான். ஆனால் 5,000 ரூபாய்க்கு இன்று ஒரு கிராம் தங்கமும் வராது. பூட்டை உடைத்து வீடு புகுந்தவனுக்கு இந்தச் சலுகை அப்படியே பொருந்தாது, பொருந்தவும் கூடாது. அவனுக்கு ஜெயில் இருக்கட்டும். ஆனால் அந்த ஜெயில் நாட்களில் அவன் வேலை செய்யட்டும், அந்தக் கூலியில் ஒரு நல்ல பங்கு அவன் உடைத்த வீட்டுக்குப் போகட்டும். கடுமை வேண்டும் என்கிறவர்கள் இந்தக் கடுமையைக் கேளுங்கள். சும்மா உட்கார்ந்து வருஷத்தைக் கழிப்பதைக் காட்டிலும் இது திருடனுக்கு அதிக பாரமானது, அதிக நன்மையானதும்கூட.

இன்றுள்ள சட்டத்திலேயே பறிகொடுத்தவர்களுக்குச் சில உரிமைகள் இருக்கின்றன. நம்முடைய ஜனங்கள் அறியாததினால் இழந்துபோகிறார்கள். புகார் கொடுத்தால் எஃப்.ஐ.ஆர். நகல் இலவசமாய்க் கிடைக்கவேண்டும். போலீசார் நகையை மீட்டுவிட்டால், கேஸ் முடிகிறவரை அது கோர்ட்டிலேயே கிடக்கவேண்டும் என்பதில்லை. 2002-இல் உச்ச நீதிமன்றம், சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் என்ற வழக்கில், விலையுயர்ந்த பொருட்களைப் போட்டோ எடுத்து, விவரம் எழுதி, தகுந்த ஜாமீன் பத்திரம் வாங்கிக்கொண்டு உரியவரிடம் சீக்கிரமாய்க் கொடுக்கவேண்டும் என்று சொல்லியிருக்கிறது. அதற்கு மாஜிஸ்திரேட் கோர்ட்டில் வக்கீல் மூலமாய் மனுப் போடவேண்டும். நகை உங்களுடையது என்று காட்ட, கடை ரசீதும், நகையைப் போட்டுக்கொண்டு எடுத்த போட்டோவும், எடை எழுதின சீட்டும் உதவும். இன்றைக்கே எடுத்துப் பத்திரமாய் வையுங்கள். பீரோவிலே நகையோடு சேர்த்து வைக்காதேயுங்கள்!

கடுமையின் பழைய பரீட்சை

நம்முடைய நாட்டில் திருட்டுக்குக் கடுமையான சட்டம் போட்டுப் பார்த்ததே இல்லை என்று நினைக்கவேண்டாம். 1871-இல் வெள்ளைக்கார அரசாங்கம் குற்றப்பரம்பரைச் சட்டம் போட்டது. 1911-இல் அது சென்னை மாகாணத்துக்கும் வந்தது. சில ஜாதியாரைப் பிறப்பிலேயே திருடர் என்று எழுதிவைத்து, கைரேகை எடுத்து, ஆண்பிள்ளைகளை ராத்திரியில் போலீஸ் கண்காணிப்பில் வந்து படுக்கச் சொன்னார்கள். அந்தக் கைரேகைக்கு உட்பட மறுத்ததற்காக, 1920 ஏப்ரல் 3-ஆம் தேதி மதுரைச் சீமையில் பெருங்காமநல்லூரில் துப்பாக்கிச் சூடு நடந்து பலர் மாண்டார்கள். சென்னை மாகாணத்தில் 1947-இல்தான் அந்தச் சட்டம் நீங்கிற்று. ஒரு குழந்தை திருடுகிறதற்கு முன்பே அதைத் திருடன் என்று எழுதினால், அது வேறு என்னவாய் வளரும்?

அந்த நாட்களில் அப்படிப்பட்ட ஜனங்களுக்கான குடியிருப்புகளில் சிலவற்றை நடத்தும் பொறுப்பை இரட்சணிய சேனையார் ஏற்றார்கள். ஆந்திராவில் பாபட்லா பக்கத்தில் உள்ள ஸ்டூவர்ட்புரம் அப்படி உண்டானது. நிலமும் வேலையும் பள்ளிக்கூடமும் கிடைத்தது. ஆனால் ஊரைவிட்டு அனுமதி இல்லாமல் போகமுடியாத கட்டும் கூடவே இருந்தது. அந்த ஊர்ப் பெயரே திருடருக்கு மறுபெயராய்ச் சினிமாவில் வருகிற அளவுக்கு அவப்பெயர் ஒட்டிக்கொண்டது. 1970-களில் அங்கே போய், திருட்டை விட்டவர்களுக்கு வேறே பிழைப்பு உண்டாக்கப் பாடுபட்டவர்கள் யார் தெரியுமா? லவணமும் அவர் மனைவி ஹேமலதா லவணமும். லவணம் கடவுள் இல்லை என்று போதித்த கோரா என்பவருடைய மகன். ஆண்டவரை அறியாதவர்கள் திருடன் வீட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்தார்கள். ஆண்டவரை அறிந்த நாம் எந்தத் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறோம்?

மன்னித்துவிட்டால் கேஸை வாபஸ் வாங்கவேண்டுமா?

விசுவாசிகள் அடிக்கடி கேட்கிற கேள்வி இது. மன்னிப்பு என்பது என் உள்ளத்தில் நடக்கவேண்டியது. கசப்பையும் சாபத்தையும் விட்டுவிட வேண்டும். தண்டிப்பது அரசாங்கத்தின் வேலை. இரண்டையும் குழப்பவேண்டாம். நீங்கள் கேஸ் கொடுக்காமல் விட்டால், அவன் உடைக்கப்போகிற அடுத்த வீடு ஒரு விதவையின் வீடாய் இருக்கலாம். ஆகவே புகார் கொடுங்கள், சாட்சி சொல்லுங்கள், உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். ஒன்பது சவரன் போனால் பதினைந்து என்று எழுதிக் கொடுக்காதேயுங்கள், அதுவும் திருட்டுத்தான்.

சகேயு இரட்சிக்கப்பட்டபோது, "ஆண்டவர் மன்னித்துவிட்டார், கணக்கு தீர்ந்தது" என்று உட்காரவில்லை. அநியாயமாய் வாங்கினதை நாலத்தனையாய்த் திருப்பிக் கொடுக்க எழுந்து நின்றான். மனந்திரும்புதல் மெய்யா என்பதை அங்கேதான் கண்டுகொள்ளுகிறோம். திருடினவன் இனித் திருடாமல் தன் கையினால் பாடுபட்டு, குறைச்சலுள்ளவனுக்குக் கொடுக்கிறவனாய் மாறவேண்டும் என்று எபேசியர் 4:28-இல் பவுல் எழுதுகிறார். எடுக்கிற கை கொடுக்கிற கையாகவேண்டும். வெறுமனே பூட்டிவைத்த வருஷங்கள் அதைச் செய்யாது.

நாம் செய்யக்கூடியது

திருட்டுப் பொருளை வாங்குகிறவன் இல்லாவிட்டால் திருடன் இல்லை. பில் இல்லாமல் பாதி விலைக்கு வருகிற செல்போனையும், "அவசரம், குறைச்சுத் தர்றேன்" என்று வருகிற நகையையும் தொடாதேயுங்கள். அறிந்து வாங்குகிறவனுக்கும் மூன்று வருஷம்வரை தண்டனை சட்டத்தில் உண்டு.

திருடனுடைய மனைவி பிள்ளைகளைத் திருடராய்ப் பார்க்காதேயுங்கள். அந்தப் பிள்ளைக்கு ஸ்கூல் பீஸ் கட்ட ஆள் இல்லாவிட்டால், அடுத்த கன்னக்கோல் அங்கேதான் தயாராகிறது.

புழலிலிருந்து வெளியே வந்த ஒருவன் ஞாயிறு காலை நம் சபையின் கடைசி வரிசையில் வந்து உட்கார்ந்தால் என்ன செய்வோம்? கைப்பையை மடியில் இழுத்து வைத்துக்கொள்ளுவோமா? உங்கள் வீட்டுச் சாவியை அவனிடம் கொடுக்கும்படி நான் சொல்லவில்லை. அவனுடைய கைக்கு ஒரு வேலை கொடுங்கள் என்கிறேன். லேத் பட்டறை வைத்திருக்கிற சகோதரர் உண்டு, மீன் மார்க்கெட்டில் வியாபாரம் செய்கிறவர் உண்டு, பெயின்டிங் காண்டிராக்ட் எடுக்கிறவர் உண்டு. ஒருவர் துணிந்தால் போதும்.

ஆகையால் கேட்ட கேள்விக்குப் பதிலைச் சுருக்கமாய்ச் சொல்லி முடிக்கிறேன். ரத்தம் சிந்துகிறவனுக்கும், திரும்பத் திரும்ப வீடு உடைத்து அதையே தொழிலாக்கினவனுக்கும் நெடிய தண்டனை நியாயம். அது சட்டத்தில் ஏற்கெனவே இருக்கிறது. மற்றவர்களுக்கு வருஷத்தைக் கூட்டுவதினால் நம் பூட்டு பலப்படாது, போன நகையும் வராது. தப்பாமல் பிடிக்கிற போலீஸ், தாமதிக்காமல் தீர்க்கிற கோர்ட், திருப்பிக் கொடுக்க வைக்கிற தண்டனை, வெளியே வருகிறவனுக்கு ஒரு வேலை. இந்த நாலையும் கேட்போம். கடைசியில் உள்ளதை நாமே செய்வோம்.

பறிகொடுத்த வீடுகளுக்குக் கர்த்தர் சமாதானமான நித்திரையைத் தருவாராக. பறித்த கைகளை உழைக்கிற கைகளாக மாற்றுவாராக. ஆமென்.